தோலில் பதித்த அணி தொல்லை தந்தால்: வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?



காது குத்துவதும் மூக்கு குத்துவதும் நமக்குப் புதியவை அல்ல. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குழந்தைக்குக் காது குத்துவது நம் குடும்பங்களில் ஒரு விழா. தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் சிங்கப்பூர் டேங்க் ரோட்டிலும் அலகு குத்திக் காவடி எடுப்பவர்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆகவே உடலில் ஊசி குத்துவது என்றாலே அதிர்ச்சி அடையும் சமூகம் அல்ல நம்முடையது.

ஆனால் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மேற்சொன்ன எதிலும் சேராதது. அதன் பெயர் டெர்மல் பியர்சிங். கழுத்தின் பின்புறம், நெஞ்சின் மேற்பகுதி, தோள்பட்டை, இடுப்பு, கன்னம், மணிக்கட்டு போன்ற இடங்களில் ஒரே ஒரு சிறிய கல் தோலின்மேல் ஒட்டி வைத்தாற்போல் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒட்டி வைத்த கல் அன்று. தோலுக்குள் பதித்த கல். 2000ஆம் ஆண்டுகளில் மேலை நாடுகளில் பரவிய இந்தப் பழக்கம் நம் வட்டார இளையர்களிடமும் வந்து சேர்ந்துவிட்டது.

இதைச் செய்துகொள்வது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பேச்சின் நோக்கமன்று. செய்துகொண்ட பிறகு அந்த இடம் சிவந்து, வீங்கி, நீர் வடிந்து தொல்லை கொடுத்தால் என்ன செய்வது, எப்போது பொறுத்திருப்பது, எப்போது எடுத்துவிடுவது என்பதுதான் கேள்வி. பலர் இதை வீட்டாருக்குத் தெரியாமல் செய்துகொள்கிறார்கள். அதனால் தொல்லை வந்தாலும் யாரிடமும் காட்டாமல் சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். அணியைவிட அந்த மறைப்புதான் அதிகக் கெடுதல் செய்கிறது.

காதுத் துளைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

காது குத்தும்போது தோட்டின் தண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. பின்னால் திருகாணி போட்டு முடுக்குகிறோம். அந்தத் துளைக்கு இரண்டு வாய்கள் உண்டு. நாளடைவில் துளையின் உட்சுவர் முழுவதும் தோல் படர்ந்து குழாய்போல் ஆகிவிடுகிறது. அதன்பின் தோட்டைக் கழற்றலாம், மாட்டலாம்.

டெர்மல் பியர்சிங்கிற்கு ஒரே வாய்தான் உண்டு. சில மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டையான அடித்தட்டு ஒன்று தோலுக்குள் படுத்திருக்கும். அதிலிருந்து ஒரு குட்டித் தண்டு மேலே எழும்பி நிற்கும். அந்தத் தண்டில்தான் கல்லைத் திருகி மாட்டுகிறார்கள். அடித்தட்டில் சிறு ஓட்டைகள் இருக்கும். தோலின் அடித்திசு அந்த ஓட்டைகளுக்குள் வளர்ந்து தட்டைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்தில் இந்தப் பிடிமானம் ஏற்படுகிறது. சிலருக்கு இன்னும் நாளாகும்.

நம் தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் ஒரு தாளின் கனமே இருக்கும். அதற்குக் கீழே உள்ள உள்தோல் ஏறக்குறைய 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். அவ்வளவு சிறிய கனத்திற்குள்தான் அந்த உலோகத் தட்டு தங்க வேண்டும். காலில் முள் தைத்து உள்ளேயே தங்கிவிட்டால் உடல் என்ன செய்கிறது? அதைச் சுற்றிச் சண்டை போட்டு மெல்ல மெல்ல வெளியே தள்ளப் பார்க்கிறது. இந்தத் தட்டையும் உடல் அப்படித்தான் பார்க்கிறது. சிலர் உடல் அதை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் வைத்திருக்கும். சிலர் உடல் சில மாதங்களிலேயே வெளியே தள்ளத் தொடங்கிவிடும்.

அலகு குத்திய இடம் சீக்கிரம் ஆறுகிறதே என்று சிலர் கேட்கலாம். அலகை அன்றே எடுத்துவிடுகிறோம். பிறகு அந்த இடத்தில் வேற்றுப் பொருள் எதுவும் இல்லை. இங்கே வேற்றுப் பொருள் இரவும் பகலும் உள்ளேயே இருக்கிறது. வேறுபாடு அதில்தான் உள்ளது.

எது இயல்பு?

செய்துகொண்ட முதல் சில நாட்களில் இலேசான வலி, சிவப்பு, சிறு வீக்கம், ஓரிரு சொட்டு இரத்தம் ஆகியவை இயல்பானவை. அதன்பின் சில வாரங்கள்வரை கல்லைச் சுற்றி வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ மெல்லிய நீர் கசிந்து, காய்ந்து பக்குப் பிடிக்கும். இதைப் பார்த்துச் சீழ் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. புண் ஆறும்போது கசியும் நீர்தான் அது. கெட்டியாக இருக்காது, நாற்றம் அடிக்காது, வலியும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும்.

கவனிக்க வேண்டியது போக்கு. நேற்றைவிட இன்று தேவலை, சென்ற வாரத்தைவிட இந்த வாரம் தேவலை என்றால் நல்ல வழியில் போகிறது. ஆறிக்கொண்டு வந்த இடம் மீண்டும் சிவந்தால், வலி கூடினால், ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள்.

அன்றாடப் பராமரிப்பு

பராமரிப்பு மிக எளிது. அது எளிமையாக இருப்பதாலேயே பலர் அதனுடன் வேறு எதையாவது சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்தகத்தில் 0.9 விழுக்காடு உப்புள்ள, கிருமி நீக்கிய உப்பு நீர் கிடைக்கும். அதைத் தெளிக்கலாம், அல்லது சுத்தமான கண்ணி வலைத்துணியில் நனைத்துச் சில நிமிடம் வைக்கலாம். நாளொன்றுக்கு இருமுறை போதும். வாங்கும்போது உப்பும் நீரும் தவிர வேறு எதுவும் கலக்கவில்லை என்று பார்த்து வாங்குங்கள். கண்ணில் போடும் லென்சுக்கான கரைசல் இதற்கு ஆகாது. வீட்டில் உப்பைக் கரைத்தால் அளவு பெரும்பாலும் கூடிவிடும். அதிக உப்பு தோலை வறட்டிவிடும்.

பக்கை நகத்தால் சுரண்டாதீர்கள். உப்பு நீரில் ஊறியதும் அது தானே இளகும். பிறகு மெல்லத் துடைத்து, காகிதத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். பூந்துவாலையின் நூல் கல்லில் மாட்டி இழுக்கும் என்பதால் அது வேண்டாம். பஞ்சின் இழைகளும் தண்டில் சுற்றிக்கொள்ளும்.

கல்லைத் திருப்பாதீர்கள், ஆட்டாதீர்கள். காது குத்திய பிள்ளைகளுக்குத் தோட்டைச் சுற்றிவிட வேண்டும் என்று பாட்டிமார்கள் சொன்னதை இங்கே கொண்டுவர வேண்டாம். சுற்றினால் ஓட்டைகளுக்குள் வளரும் இளம் திசு அறுபடும். கல் தளர்ந்திருந்தால் மட்டும் சுத்தமான கையால் இலேசாக முடுக்கலாம். அதுவும் கைக்கு அடங்காவிட்டால் பதித்த கடைக்குப் போய்ச் சரிசெய்வது நல்லது.

உரசலைக் குறையுங்கள். நம் வெப்ப நாட்டில் வியர்வையும் உரசலும் சேர்ந்துதான் பாதித் தொல்லையைத் தருகின்றன. கைப்பையின் வார், காரின் இருக்கை வார், மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் நாடா, துப்பட்டாவின் ஓரம், புடைவைக் கொசுவம், தாலிச்சங்கிலி ஆகியவை எங்கே படுகின்றன என்று பாருங்கள். இடுப்பில் பதித்தவர்கள் இறுக்கமான காற்சட்டையைச் சில வாரம் தவிர்க்கலாம். வேலையிலோ விளையாட்டிலோ உரசல் தவிர்க்க முடியாதது என்றால் காற்றுப் புகும் சிறு பிளாஸ்திரியால் மூடி, வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். நனைந்த பிளாஸ்திரியோடு நாள் முழுவதும் இருக்கக்கூடாது.

ஆறும்வரை நீச்சல் குளம் வேண்டாம். போர்ட் டிக்சன் கடலும் வேண்டாம். குளிக்கும்போது ஓடும் நீர் படுவதால் கெடுதல் இல்லை.

மஞ்சளும் தைலமும் வேண்டாம்

புண் என்றால் நம் வீடுகளில் உடனே கை போவது மஞ்சள் தூளுக்கு. அடுத்தது வேப்பிலை, தேங்காய் எண்ணெய், தலைவலித் தைலம். சிலர் டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று போகிறார்கள். சிலர் பற்பசை வரை போகிறார்கள்.

மஞ்சளின் அருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே ஒரே வாயுள்ள சிறு துளை இருக்கிறது. அந்த வாயில் தூளையோ பசையையோ அப்பினால் கசிவு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். சமையலறைத் தூள் கிருமி நீக்கிய பொருளும் அல்ல. எண்ணெயும் களிம்பும் காற்றை அடைத்து அழுக்கைப் பிடித்து வைக்கும். தைலம் தோலைப் பொசுக்கும். ஸ்பிரிட்டும் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்களையும் அழித்துவிடும். இவற்றால் வரும் சிவப்பையே கிருமித் தொற்று என்று எண்ணி இன்னும் அதிகமாகப் பூசுகிறவர்கள் உண்டு. அது முடிவில்லாத சுற்று.

யாருக்கோ கொடுத்த மிச்ச மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவதும் தவறு. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தொல்லைகள் ஐந்து வகை

எல்லாத் தொல்லையும் ஒன்றல்ல. வகை தெரிந்தால் பாதி முடிவு தானே வந்துவிடும்.

முதலாவது, உரசல் எரிச்சல். எங்கோ மாட்டி இழுபட்ட மறுநாள் சிவந்து வலிக்கும். கல்லைச் சுற்றி மட்டும் இருக்கும், பரவாது. உரசலை நிறுத்தி உப்பு நீரால் துடைத்து வந்தால் சில நாட்களில் அடங்கத் தொடங்கும். இதற்காக எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, உலோக ஒவ்வாமை. வலியைவிட அரிப்பு அதிகமாக இருக்கும். சுற்றிலும் சிறு கொப்புளம், சொரசொரப்பு, நீர்க்கசிவு காணப்படும். பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். மலிவான கவரிங் நகை போட்டால் காது அரிக்கும் என்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அறுவைச் சிகிச்சைத் தரம் என்று சொல்லப்படும் 316எல் எஃகிலும் 10 முதல் 14 விழுக்காடுவரை நிக்கல் இருக்கிறது. நிக்கல் கசிவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டது இந்த ஒவ்வாமையின் பொருட்டுத்தான். உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்குரிய ஏஎஸ்டிஎம் எஃப்136 தரமுள்ள டைட்டானியம் இதற்கு ஏற்றது. நம் 916 பொன் காதுக்கு அழகு. ஆனால் மீதிப் பங்கில் செம்பு போன்ற உலோகங்கள் கலந்திருப்பதாலும் மென்மையாக இருப்பதாலும் ஆறாத புண்ணுக்குள் வைக்க ஏற்றதன்று. மேலுள்ள கல்தான் காரணம் என்றால் அதை மாற்றலாம். அடித்தட்டே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எடுப்பதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது, கிருமித் தொற்று. வலி கூடிக்கொண்டே போகும். தொட்டால் சுடும். கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் வரும், நாற்றம் இருக்கலாம். சிவப்பு நாளுக்கு நாள் அகலும். ஒரு பேனாவால் சிவப்பின் எல்லையைக் கோடிட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், குளிர்நடுக்கம், அந்த இடத்திலிருந்து சிவப்புக் கோடு ஓடுவது, கன்னத்தில் பதித்தவருக்குக் கண்ணைச் சுற்றி வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நான்காவது, சதை வளர்ச்சி. கல்லின் ஓரத்தில் ஈரமான சிவப்புக் கொத்தாக ஒரு முண்டு தோன்றும். தொட்டாலே இரத்தம் கசியும். ஆற முயலும் திசு எல்லை மீறி வளர்வதால் இது உண்டாகிறது. தொடர்ந்த உரசலும் ஈரமும் இதை வளர்க்கும். கிள்ளி எடுக்கக்கூடாது. மருத்துவர் மருந்து வைத்துக் கரைக்கலாம்.

கெலாய்டு என்பதும் முண்டுதான், ஆனால் வேறு. அது கெட்டியாக, வழவழப்பாக, துளையின் எல்லையைத் தாண்டிப் படரும். பல மாதங்கள் கழித்தும் தோன்றலாம். கறுத்த, மாநிறத் தோலுள்ளவர்களுக்கு இது அதிகம். நமக்கும் சீனர்களுக்கும் வெள்ளையரைவிட அதிகமாக வரும். நெஞ்சு, தோள், காது மடல் ஆகியவை இது விரும்பி வரும் இடங்கள். அம்மாவுக்கோ அண்ணனுக்கோ தடுப்பூசித் தழும்பு, அறுவைத் தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். இதை வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் மறுபடி வளரும். ஊசி மருந்தோடு சேர்ந்த சிகிச்சை வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஐந்தாவது, வெளித்தள்ளல். பலரும் கண்டுகொள்ளாத தொல்லை இதுதான். ஏனென்றால் இதில் பெரிய வலி இருக்காது. முன்பு தோலோடு படிந்திருந்த கல் இப்போது தூக்கி நிற்கும், அல்லது ஒரு பக்கம் சாயும். துளையின் வாய் அகலும். சுற்றியுள்ள தோல் சிவந்து, மெலிந்து, செதில் உதிரும். கடைசியில் அடித்தட்டின் உருவம் தோலுக்கடியில் தெரியும். உடல் தன் முடிவைச் சொல்லிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு பத்துக் காசை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். நான்கு படங்களை வரிசையாகப் பார்த்தால் கல் எழும்பியிருக்கிறதா, இடம் நகர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மருத்துவரிடம் காட்டவும் அது உதவும்.

வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

முடிவெடுக்க மூன்று கேள்விகள் போதும்.

அடித்தட்டு தெரிகிறதா, அல்லது அதன்மேல் உள்ள தோல் மெலிந்துவிட்டதா? ஆம் என்றால் எடுத்துவிடுங்கள். அந்நிலையிலிருந்து அது திரும்பி உள்ளே போய் நிலைப்பதில்லை. இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் தட்டு தோலைக் கிழித்துக்கொண்டு தானே வெளியே வரும். அப்போது விழும் தழும்பு நீண்டு அகன்றிருக்கும். முன்கூட்டியே எடுத்தால் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளியோடு முடிந்துவிடும். ஆசையாகப் பதித்ததை எடுக்க மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் இங்கே நாம் தேர்ந்தெடுப்பது கல்லை வைத்துக்கொள்வதா இழப்பதா என்பதை அன்று. சிறிய தழும்பா பெரிய தழும்பா என்பதைத்தான்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பராமரித்தும் தேறவில்லையா? உப்பு நீர் தவிர வேறெதுவும் போடாமல், உரசலையும் தவிர்த்து, இரண்டு வாரம் பாருங்கள். தேறினால் தொடருங்கள். அப்படியே இருந்தால் பதித்த கடைக்காரரிடமும் மருத்துவரிடமும் காட்டுங்கள். மோசமானால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம்.

தொல்லைக்கான காரணத்தை மாற்ற முடியுமா? மணிக்கட்டில் பதித்துக்கொண்டு கையுறை போட்டு வேலை செய்பவருக்கு, கழுத்துக்குப் பின்னால் பதித்துக்கொண்டு நாள்தோறும் சீருடைக் கழுத்துப்பட்டி அணிபவருக்கு, உரசல் ஓயப்போவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு முறை வீங்கி அடங்கும் அணியை வைத்திருப்பது தழும்பைத் தவணை முறையில் வாங்குவது போன்றது. அங்கேயும் எடுப்பதே நல்லது.

கிருமித் தொற்று இருக்கும்போது மட்டும் அவசரப்பட்டு நீங்களாகவே எடுக்காதீர்கள். மேலோட்டமான தொற்று என்றால் மருத்துவர் அணியை வைத்துக்கொண்டே மருந்து கொடுக்கலாம்; சீழ் வெளியேற அந்த வாய் திறந்திருப்பது நல்லது. மூடிவிட்டால் சீழ் உள்ளே தங்கிக் கட்டியாகலாம். அதே சமயம் தொற்று ஆழமாகிவிட்டால், உலோகத்தின்மேல் படலம்போல் ஒட்டிக்கொண்ட கிருமிகளை மாத்திரை எளிதில் சென்று தாக்க முடியாது. அப்போது அடித்தட்டை எடுத்துச் சீழையும் வெளியேற்றினால்தான் குணமாகும். எந்த நிலை என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எடுப்பது எப்படி?

காதுத் தோடுபோல் இதைக் கழற்ற முடியாது. தட்டின் ஓட்டைகளுக்குள் திசு வளர்ந்திருக்கிறது. பிடித்து இழுத்தால் தோல் கிழியும். தண்டு ஒடிந்து தட்டு உள்ளேயே தங்கிவிடவும் கூடும்.

சிலர் மேலே உள்ள கல்லை மட்டும் திருகி எடுத்துவிட்டு, இனிமேல் ஆறிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது தோல் மேலே மூடிக்கொள்ளலாம். தட்டு உள்ளேயே புதைந்திருக்கும். பிறகு அதை எடுக்க வெட்டித்தான் ஆக வேண்டும்.

பதித்த கடைக்காரர் அனுபவமும் சுத்தமும் உள்ளவர் என்றால், நோய்த்தொற்று இல்லாத நிலையில், அவரே சுற்றியுள்ள தோலை மெல்லப் பிசைந்து இளக்கி, கிருமி நீக்கிய கருவியால் தட்டை நெம்பி எடுப்பார். மருத்துவரிடம் போனால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, சிறு கீறலிட்டு எடுப்பார். தேவைப்பட்டால் ஒரு தையல் விழும். நேரம் அதிகம் பிடிக்காது. தொற்று, புதைந்த தட்டு, கெலாய்டு வரலாறு, கண்ணுக்கு அருகில் பதித்த அணி ஆகிய நான்கிற்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மலேசியாவில் அருகிலுள்ள தனியார் கிளினிக்கிலோ அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலோ முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு தேசிய சரும நிலையத்துக்குப் போனால் சலுகைக் கட்டணம் உண்டு. கூச்சப்பட வேண்டாம். மருத்துவர்கள் உங்களை விசாரணை செய்ய உட்கார்ந்திருக்கவில்லை. எப்போது பதித்தது, எந்த உலோகம், என்னென்ன பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எடுத்த பிறகு இடத்தைச் சுத்தமாக வைத்து, ஆறும்வரை பிளாஸ்திரியால் மூடுங்கள். புண் முழுதாக மூடியபின் சிலிக்கோன் களிம்பு தடவலாம். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கறுப்பு குறையும். தழும்பு முதிர்ந்து நிறம் தணிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதே இடத்தில் மீண்டும் பதிக்க நினைக்காதீர்கள். உடல் ஒருமுறை தள்ளிய இடம் மறுமுறையும் தள்ளக்கூடிய இடம்.

இன்னும் இரண்டு செய்திகள்

ஒன்று, இனிப்பு நீர். மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. நீரிழிவு கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. சர்க்கரை அதிகமுள்ள உடலில் புண் ஆறுவது தாமதமாகும். தொற்றும் எளிதில் வரும். ஆகவே ஒரு சிறிய துளை மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், வயது இருபத்தைந்தே ஆனாலும், இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுவது நல்லது. உங்கள் அணிக்கு வந்த தொல்லை, உடலில் ஒளிந்திருக்கும் பெரிய தொல்லையைக் காட்டிக்கொடுத்ததாகவும் முடியலாம்.

மற்றொன்று, மருத்துவச் சோதனைகள். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ போகும்போது உடலில் அணி பதித்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் மேலுள்ள கல்லின் கொக்கி வேறு உலோகமாக இருக்கலாம். உடைக்குள் மறைந்திருப்பதை அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள் என்று இருந்துவிடக்கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மகளின் தோளில் ஒரு கல் மின்னுவதைத் திடீரென்று பார்த்தால் கோபம் வருவது இயல்பு. யாரைக் கேட்டுச் செய்தாய் என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் அந்த இடம் சிவந்து வீங்கியிருக்கும் நாள், அந்தக் கேள்விக்கு உரிய நாள் அன்று. அன்று கேட்க வேண்டியது, வலிக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வா கிளினிக்குப் போவோம் என்பதே. திட்டு வாங்குவோம் என்ற பயத்தில் பிள்ளை இரண்டு வாரம் மறைத்தால், ஒரு மருந்தில் தீர வேண்டியது கத்திக்கு வந்துவிடும். உடனே எடு என்று கட்டாயப்படுத்தினால், தானே குளியலறையில் பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. கோபத்தை ஒரு வாரம் ஒத்திவைப்பதால் பெற்றோரின் மதிப்புக் குறைந்துவிடாது.

இளையர்களே, உங்களுக்கும் ஒன்று. பதித்துக்கொள்ளும் உரிமை உங்களுடையது என்றால் பராமரிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. வீட்டில் அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாவிட்டால் அக்காவிடமோ அத்தையிடமோ, அதுவும் முடியாவிட்டால் மருந்தகத்தில் உள்ள மருந்தாளரிடமோ காட்டுங்கள். யாராவது ஒருவர் கண்ணில் அது படட்டும். இந்த அணியைப் பொறுத்தவரை, தோலுக்கடியில் தட்டு தெரியத் தொடங்கிய நாளே அதற்கு விடைகொடுக்கும் நாள். அதுவரை உப்பு நீரும் பொறுமையும் போதும்.